பழைய விலை ஏன் காலியாக இருக்கிறது?

கேள்வி: எங்கள் பைதான் செயலியில் எஸ்க்யூஎல் ஆல்கெமி (டேட்டாபேஸ் வரிகளை பைதான் ஆப்ஜெக்ட்டுகளாகக் கையாள உதவும் ஓஆர்எம் லைப்ரரி) பயன்படுத்துகிறோம். விலையை யார், எதிலிருந்து எதற்கு மாற்றினார் என்று தனி டேபிளில் பதிய, செஷனின் 'பிஃபோர் ஃப்ளஷ்' ஈவன்ட்டில், அதாவது மாற்றங்கள் டேட்டாபேஸுக்குப் போவதற்குச் சற்று முன் ஓடும்படி, கோடு எழுதியிருக்கிறோம். சில வரிகளில் பழைய விலை காலியாக இருக்கிறது. புதிய பொருளுக்கு ஐடி பதிவாவதில்லை. எல்லா விலையையும் மொத்தமாக ஏற்றினால் ஒரு வரிகூட விழுவதில்லை. ஏன்?

பதில்: மூன்றுக்கும் காரணம் வெவ்வேறு.

காமிட் ஆனதும் ஆப்ஜெக்ட்டில் இருக்கும் மதிப்புகள் எல்லாம் காலாவதியாகிவிடும். இயல்பான அமைப்பே அதுதான். அதன்பின் விலையைப் படிக்காமல் நேராக 'பொருள்.விலை = 120' என்று எழுதினால், பழையதை எடுத்துவர ஓஆர்எம் டேட்டாபேஸுக்குப் போகாது. மதிப்பு எப்படி மாறியது என்று ஓஆர்எம் குறித்து வைக்கும் ஹிஸ்டரியின் 'ஆடட்' (புதியது) பகுதியில் 120 இருக்கும், 'டெலீட்டட்' (பழையது) வெறுமையாக இருக்கும். இதில் இன்னொரு தொல்லையும் உண்டு: ஏற்கெனவே 120 ஆக இருந்த விலையை மறுபடி 120 என்று எழுதினாலும் அது மாற்றமாகவே பதிவாகும். தணிக்கைக்கு வேண்டிய நெடுவரிசைகளை (column) 'காலம் ப்ராப்பர்ட்டி'யில் (column_property) 'ஆக்டிவ் ஹிஸ்டரி = ட்ரூ' என்று அறிவியுங்கள். தேவைப்படும்போது கூடுதலாக ஒரு செலக்ட் ஓடும். அந்தச் செலவுக்குத் தயங்க வேண்டாம். பழைய மதிப்பு இல்லாத பதிவால் பயனில்லை.

ஐடியை டேட்டாபேஸ் தருவது இன்செர்ட் ஓடும்போதுதான். ஆகவே பதிவை 'ஆஃப்டர் ஃப்ளஷ்'ஷுக்கு மாற்றுங்கள். அங்கேயும் செஷனின் நியூ (புதியவை), டர்ட்டி (மாறியவை), டெலீட்டட் (நீக்கியவை) பட்டியல்களும் ஹிஸ்டரியும் கலையாமல் இருக்கும். பதிவு வரியை செஷனின் அதே கனெக்‌ஷனில் சாதாரண இன்செர்ட்டாக எழுதுங்கள். வேறு கனெக்‌ஷன் திறந்து எழுதினால், ரோல்பேக் ஆன மாற்றமும் நடந்ததாகப் பதிவில் நின்றுவிடும். யார் மாற்றினார் என்பதை 'செஷன்.இன்ஃபோ'வில் வைத்து எடுத்துக்கொள்ளலாம்.

மொத்த அப்டேட் ஒரே எஸ்க்யூஎல்லாக நேரே டேட்டாபேஸுக்குப் போகிறது. எந்த ஆப்ஜெக்ட்டும் டர்ட்டி ஆவதில்லை, அதனால் உங்கள் கோடுக்கு அது தெரியவே தெரியாது. இன்னொரு பைதான் ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோவிலும் க்வெரிசெட்டின் 'அப்டேட்' சேவ் சிக்னலை எழுப்பாது. மொத்த அப்டேட் தவிர்க்க முடியாதது என்றால், அல்லது வேறு ஸ்க்ரிப்ட்டுகளும் அதே டேபிளில் எழுதுகின்றன என்றால், வரி மாறும்போது டேட்டாபேஸுக்குள்ளேயே தானாக ஓடும் ட்ரிகர்தான் சரி. போஸ்ட்கிரஸ் ட்ரிகரில் 'ஓல்ட்' (பழைய வரி), 'நியூ' (புதிய வரி) இரண்டையும் ஜேசான்பி (jsonb) வகையில் சேமிக்கலாம். பயனர் ஐடியை ஒவ்வொரு டிரான்சாக்‌ஷன் தொடக்கத்திலும் 'செட் கான்ஃபிக்' மூலம் அனுப்புங்கள். அதன் மூன்றாவது ஆர்க்யுமென்ட் 'ட்ரூ'வாக இருக்கட்டும். 'ஃபால்ஸ்' என்றால் அந்த ஐடி கனெக்‌ஷனிலேயே தங்கிவிடும். கனெக்ஷன்களை மூடாமல் மாறி மாறிப் பயன்படுத்தும் பூலில் அதே கனெக்‌ஷனை அடுத்து வாங்குபவர் செய்யும் மாற்றம் முந்தையவர் பெயரில் பதிவாகிவிடும்.