ஜ்வாலாபுரத்துச் சாம்பலின் தடிமனை வைத்து டோபா வெடிப்பின் அளவைச் சொல்ல முடியுமா?

சித்தூர்க்காரர் என்று போட்டிருக்கிறீர்கள், கர்னூல் பக்கம் ஜ்வாலாபுரம் போய் அந்த வெள்ளைச் சாம்பலைப் பார்த்திருப்பீர்கள். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறதே, ஆந்திரா முழுக்க அவ்வளவு கொட்டியதா என்று கேட்கிறீர்கள். இல்லை. சுமார் 74,000 வருடங்களுக்கு முன் சுமத்ராவின் டோபா எரிமலையிலிருந்து வந்து நேராக விழுந்தது அடியிலுள்ள சில சென்டிமீட்டர்தான். மேலே இருப்பதெல்லாம் மழைத் தண்ணீர் மேட்டிலிருந்து அடித்து வந்து பள்ளத்தில் சேர்த்தது. அடி அடுக்கு களிமண்மேல் வெட்டினாற்போல் உட்கார்ந்திருக்கும், மணல் கலப்பே இருக்காது. விரலில் தேய்த்தால் மாவுதான். மேலே போகப் போக வண்டல் கலந்து வரும்.

ஓரிடத்துத் தடிமனை வைத்து அளவு சொல்லவே முடியாது. பல இடங்களில் அளந்து, ஒரே தடிமனுள்ள இடங்களை வரைபடத்தில் கோடாக இணைக்க வேண்டும். ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் அடங்கும் பரப்பின் வர்க்கமூலத்தை ஒரு அச்சிலும், தடிமனின் இயல்மடக்கையை மறு அச்சிலும் குறித்தால் இறங்குகிற நேர்கோடு வரும். எரிமலை வாயில் ஊகிக்கும் தடிமனை இரண்டால் பெருக்கி, அந்த நேர்கோட்டுச் சரிவின் வர்க்கத்தால் வகுத்தால் கன அளவு. தடிமன் 1 மீட்டர், சரிவு கிலோமீட்டருக்கு 0.05 என்றால் 0.8 கன கிலோமீட்டர். மீட்டரைக் கிலோமீட்டராக மாற்ற மறந்தால் ஆயிரம் மடங்கு பிசகும். ஒரே நேர்கோடு போட்டால் தொலைவில் விழுந்த நுண்சாம்பல் கணக்கில் வராது. டோபா போன்றவற்றுக்கு இரண்டு, மூன்று நேர்கோடுகள் வேண்டும்.

வெடிப்புத்திறன் குறியீடு (0 முதல் 8) இந்தக் கன அளவை வைத்துத்தான். 1 கன கி.மீ. தாண்டினால் 5, 10 தாண்டினால் 6, 1000 தாண்டினால் 8. பிலிப்பைன்ஸின் பினடூபோ (1991) 6, டோபா 8. இதை ரிக்டர் என்று டிவியில் சொல்வது தப்பு. இது சாம்பலைத்தான் எண்ணும், ஓடிய எரிமலைக்குழம்பை எண்ணாது. ஐஸ்லாந்தின் லாக்கி (1783) இதில் வெறும் 4. ஆனால் வெளிவந்த மொத்த நிறையைக் கிலோகிராமில் எடுத்து, பத்தடிமான மடக்கையில் 7 கழித்தால் அதே லாக்கி 6.5ஐத் தாண்டும். இது தோராயம்தான், கன அளவை நிறையாக்கும் அடர்த்தியை மாற்றினால் தசமத்தில் மாறும் என்று யாராவது வருவார்கள். மாறட்டும், 4 ஆகிவிடாது. வேகம் இன்னொரு கணக்கு: நொடிக்கு எத்தனை கிலோ என்பதன் பத்தடிமான மடக்கையோடு 3 கூட்ட வேண்டும்.

ஒரு ஆதங்கம். ஜ்வாலாபுரத்துச் சாம்பலைப் பாத்திரம் தேய்க்கும் பவுடருக்காக வெட்டி எடுக்கிறார்கள். பிழைப்பைக் குறை சொல்லவில்லை, ஆனால் அடி அடுக்கு உள்ள சில குழிகளையாவது வேலி போட்டு விட்டுவைக்கலாம். அது போனால் அந்த இடத்தில் அளக்க வேறெதுவும் இல்லை.