ஊருக்காக உழைத்த தன்னார்வலர் ஒருவர் காலமான பிறகு, ஊர் அவருக்கு எப்படி மரியாதை செய்வது?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான்: முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக எந்தப் பதவியும் இல்லாமல் உங்கள் பகுதி மக்களுக்காக அலைந்து திரிந்த ஓர் அம்மா காலமாகிவிட்டார், சிலை வைக்கலாம் என்கிறார் ஒருவர், தெருவுக்குப் பெயர் வைக்கலாம் என்கிறார் இன்னொருவர், அன்னதானம் போதும் என்கிறார் மற்றொருவர், எது தகும்? இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நாங்களும் இதே நிலையில்தான் நின்றோம். நாங்கள் செய்ததில் பாதி தவறாகப் போனது. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில், திருமயத்திலிருந்து பேருந்தில் அரை மணி நேரத் தொலைவில் இருக்கிறது. அவரை எல்லோரும் ‘அறிவொளி அக்கா’ என்றுதான் கூப்பிடுவோம். 1991இல் இந்த மாவட்டத்தில், படிக்காத பெரியவர்களுக்கு எழுத்தறிவிக்கும் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டிலிருந்த அவர், பகலில் கல் உடைத்தும் களை எடுத்தும் களைத்து வந்த பெண்களுக்கு இரவில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் தொண்டராகச் சேர்ந்தார். ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்த அந்தக் காலத்தில், இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது பலருக்கும் தெரிந்த கதை. லேடீஸ் சைக்கிள் போதாததால் பலர் ஆண்கள் ஓட்டும் சைக்கிளிலேயே கற்றார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. 1992இல் மகளிர் தினத்தை ஒட்டி 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகருக்குள் வந்தபோது அக்காவும் அவர்களில் ஒருவர். அறிவொளி முடிந்த பிறகும் அவர் சைக்கிளை விடவில்லை. முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதுவது, நிறைமாதப் பெண்களுக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போவது, பள்ளியை விட்டு நின்ற பிள்ளையின் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து மறுபடி அனுப்பும்வரை எழுந்திருக்க மறுப்பது என்று, யாரும் சம்பளம் தராத வேலைகளிலேயே அவருடைய காலம் போயிற்று.

முதல் தவறு அவர் இறந்த அன்றே நடந்தது. தம் கண்களைத் தானமாகக் கொடுத்துவிட வேண்டும் என்று அவர் பலமுறை சொல்லியிருந்தார். ஊரில் இரண்டு வீடுகளில் துக்கத்தின் நடுவே பேசி, கண்தானத்துக்குச் சம்மதம் வாங்கியவரும் அவரே. அதிகாலையில் அவர் உயிர் பிரிந்தது. பந்தல், நாற்காலி, ஐஸ் பெட்டி, மாலை, வெளியூர் உறவினர்களுக்குத் தகவல் என்று நாங்கள் ஓடிக்கொண்டிருந்தோம். கண்தானம் ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை. மாலை மூன்று மணிக்கு அவருடைய தம்பி சொன்னபோது நேரம் கடந்துவிட்டிருந்தது, ஏனெனில் இறந்த ஆறு மணி நேரத்துக்குள் கண்களை எடுத்தாக வேண்டும். இதைப் படிப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று சொல்கிறேன்: இறந்தவர் முன்பே பதிவு செய்திருக்காவிட்டாலும் நெருங்கிய உறவினரின் சம்மதம் போதும்; கண் வங்கிக் குழுவினர் வீட்டுக்கே வந்து அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார்கள்; முகம் விகாரமாகாது. அவர்கள் வரும்வரை மின்விசிறியை நிறுத்திவிட்டு, இமைகளை மூடி, ஈரப் பஞ்சை மேலே வைத்து, தலையைத் தலையணையால் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். அவர் வாய்விட்டுக் கேட்டிருந்த ஒரே மரியாதை அதுதான். அதை நாங்கள் செய்யத் தவறினோம்.

அடுத்தது பிளெக்ஸ். பதினாறாம் நாளுக்கு முன்பே பேருந்து நிறுத்தத்தில் இருபதடி பேனர் ஒன்று எழுந்துவிட்டது. அதில் அக்காவின் முகம் சிறியதாகவும், அஞ்சலி செலுத்துவோரின் முகங்கள் பெரியதாகவும் இருந்தன. அவருக்கென்று நல்ல புகைப்படமும் கிடைக்கவில்லை. எந்த விழாப் படத்தை எடுத்துப் பார்த்தாலும் அவர் ஓரத்தில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டிருப்பார், அல்லது படத்துக்கு வெளியே இருப்பார். ஆகவே வாக்காளர் அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். அதைப் பார்த்த அவருடைய மகள் எங்களிடம் கோபமாகச் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: “எங்கம்மாவ உங்களுக்குக் கொடுத்துட்டு நாங்க எத்தனையோ ராத்திரி பழைய சோத்தத் தின்னுட்டுப் படுத்திருக்கோம். இப்ப படத்தையாவது எங்ககிட்டக் கேட்டுப் போடுங்க.” அதில் நியாயம் இருந்தது. பொதுவேலைக்காரர்களின் வீடுகள் அந்த வேலைக்காகக் கொடுத்த விலையை நினைவுக் கூட்டங்களில் யாரும் பேசுவதில்லை. பேசினாலும் ‘குடும்பத்தின் ஒத்துழைப்பு’ என்று இரண்டு சொற்களில் முடித்துவிடுகிறார்கள். நீங்கள் எதைச் செய்வதாக இருந்தாலும் முதலில் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய், அவர்களுக்கு எது வேண்டாம் என்று கேட்டுவிட்டு வாருங்கள். நாங்கள் பேனரை இறக்கினோம். மகள் தம் பெட்டியிலிருந்து ஒரு படத்தை எடுத்துத் தந்தார். அந்த 1992 ஊர்வலத்தில் எடுத்தது. அக்கா சைக்கிளில் அமர்ந்தபடியே ஒரு காலைத் தரையில் ஊன்றி, பின்னால் வரும் யாரையோ திரும்பிப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

படத்திறப்பு அன்று மேடையில் பேசியவர்கள் பதினான்கு பேர். யார் என்ன பேசினார்கள் என்பது எனக்கு நினைவில்லை. வாசலில் வைத்திருந்த இரங்கல் பதிவேடுதான் நினைவிருக்கிறது. எண்பது வயதை நெருங்கிய ஓர் அப்பத்தா, அக்காவின் இரவு வகுப்பில் எழுத்துக் கற்றவர், பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவருக்குக் கை நடுங்குவதைக் கண்டு மேசையில் இருந்த இளைஞர், ஸ்டாம்ப் பேடு கொண்டுவரட்டுமா என்று நல்லெண்ணத்தோடுதான் கேட்டார். அப்பத்தா அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பேனாவை வாங்கினார். தம் பெயரின் ஐந்து எழுத்துகளையும் ஒவ்வொன்றாக, கோட்டுக்கு மேலும் கீழுமாக இறங்கி ஏறி எழுதி முடிக்க இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகியிருக்கும். கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்க மறந்து நான்கடி நடந்தவர், திரும்பி வந்து வைத்துவிட்டுப் போனார். பின்னால் வரிசை பந்தலுக்கு வெளியே நீண்டுவிட்டது, ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

சிலைக்கு வருகிறேன். எங்கள் ஊரிலும் அந்தப் பேச்சு எழுந்தது. அளவெடுக்க ஒரு சிற்பியைக்கூட அழைத்து வந்துவிட்டார்கள். பெயர் நிலைப்பதும் ஆளை நினைப்பதும் ஒன்றல்ல என்பது என் கருத்து. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1962இல் மறைந்தார். 1989இல் ஏழைப் பெண்களுக்கான திருமண உதவித் திட்டத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 2022இல் அது கல்லூரி செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமாக மாறியபோதும் அவர் பெயரிலேயே தொடர்கிறது. தேவதாசி முறையை எதிர்த்து வாழ்நாளெல்லாம் போராடிய ஒருவரின் பெயர் பெண்களின் படிப்போடு சேர்ந்திருப்பது மிகப் பொருத்தம்தான். ஆனால் அந்தத் தொகையைப் பெறும் எங்கள் ஊர் மாணவிகள் நால்வரிடம் அவர் யார் என்று கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. ஓர் அரசுத் திட்டத்துக்கே இந்த நிலை என்றால், முச்சந்தியில் நிற்கும் மார்பளவுச் சிலை எத்தனை நாள் தாங்கும்? சிலை வேண்டாம் என்று முடிவானது. தெருப் பெயரும் வேண்டாம் என்றோம். அதற்குப் பதிலாக அக்டோபர் 2 கிராம சபையில் இரங்கல் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றி, அவர் செய்த பணிகளை வரிசையாக எழுதித் தீர்மானப் பதிவேட்டில் ஏற்றினோம். இது ஒரு பைசா செலவில்லாத காரியம். ஊரின் அதிகாரபூர்வமான ஆவணத்தில் அவர் பெயர் ஏறுவது அதுவே முதல் முறை.

இவற்றையெல்லாம்விட மேலானதாக நான் கருதுவது, அவருடைய துணிப்பையிலிருந்த நீள நோட்டை வைத்து நாங்கள் செய்ததைத்தான். ரேஷன் அட்டை நகல்கள், இரண்டு பேனா, ஒரு பசைக்குப்பி, இவற்றோடு அந்த நோட்டு இருந்தது. யாருக்கு எந்த மாதம் பிரசவம், யாருக்கு எந்த ரத்த வகை, எந்த மனு எந்தத் தேதியில் தாலுகா அலுவலகத்தில் கொடுக்கப்பட்டது, மகளிர் உரிமைத் தொகை நிராகரிக்கப்பட்டு மேல்முறையீடு செய்தவர்கள் யார் யார் என்று எல்லாமே தேதியோடு இருந்தன. அவர் இறந்த வாரத்திலும் பாதியில் நின்ற மனுக்கள் பதினொன்று. மகளிடம் அனுமதி வாங்கி, பிறர் அந்தரங்கம் உள்ள பக்கங்களை அவரையே கிழித்து வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மீதியை இருபத்திரண்டு வேலைகளாகப் பிரித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் உட்கார்ந்து வாசித்தோம். ‘எல்லோரும் சேர்ந்து செய்வோம்’ என்று யாராவது சொன்னால் ஏற்பதில்லை என்று முன்பே பேசிவைத்திருந்தோம். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு பெயரும் கைபேசி எண்ணும் எழுதப்பட வேண்டும். மனு எழுதுவதை ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எடுத்துக்கொண்டார். ரத்த வகைப் பட்டியலை, இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்த ஒரு பெண் எடுத்துக்கொண்டார். எனக்கு வந்தது பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள். இந்த இரண்டு ஆண்டுகளில் ஐந்து வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்திருக்கிறேன், மூன்று பிள்ளைகள் திரும்பியிருக்கிறார்கள். அக்காவாக இருந்தால் ஐவரும் போயிருப்பார்கள் என்று என் மனைவி சொல்கிறார்.

வசூலான பணத்தை அரசுப் பள்ளியின் பெயரில் வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டு, வட்டியில் ஆண்டுதோறும் ஒரு பரிசு கொடுக்கிறோம். அது நல்ல ஏற்பாடுதான். எல்லா ஊரிலும் செய்வதுதான்.

இருபத்திரண்டில் இருபத்தொன்றுக்குப் பெயர் எழுதியாயிற்று. குடித்துவிட்டு வந்த புருஷனிடம் அடிபட்டு நள்ளிரவில் ஓடிவரும் பெண்ணைத் தம் வீட்டில் படுக்கவைத்து, விடிந்ததும் காவல் நிலையத்துக்குத் துணையாகப் போவது என்ற வேலையை மட்டும் இதுவரை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. போன மாதம் அப்படி ஒரு பெண் வந்தபோது, பழக்கதோஷத்தில் அக்காவின் வீட்டுக் கதவைத்தான் தட்டியிருக்கிறார். மகள் எழுந்துவந்து திறந்திருக்கிறார்.