சர்வர் குரூப்ல கோர் லைசன்ஸை பகிர்ந்துக்கிறதுன்னா என்ன?

சில பெரிய சர்வர் வாங்குறப்போ உள்ள கோர் (ப்ராசஸருக்குள்ள வேலை செய்யுற பகுதி) நிறைய இருக்கும், ஆனா காசு கட்டுன கோர் மட்டும்தான் ஓடும், மீதி பூட்டியே கிடக்கும். அந்த ஓட்டுற உரிமையைத்தான் லைசன்ஸ்னு சொல்றாங்க. ஹெச்பி வித்துக்கிட்டிருந்த யுனிக்ஸ் (ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம்) சர்வர்கள்ல இதையே ஒரு குரூப்புக்கு பொதுவா வெச்சுக்கிற வசதி இருந்துச்சு, பேரு குளோபல் இன்ஸ்டன்ட் கெப்பாசிட்டி.

எதுக்குன்னா, எல்லா சர்வருக்கும் ஒரே நேரத்துல லோடு ஏறாது. மாசக் கடைசில சம்பளம் போடுற சர்வர் திணறும், பக்கத்துல டெஸ்டிங் சர்வர் சும்மா இருக்கும்.

நம்ம பெங்களூர் அல்சூர்ல ரெண்டு மண்டபத்துக்கு சமைக்கிற ஒரு காண்ட்ராக்டரை நினைச்சுக்கோங்க. ரெண்டு இடத்துலயும் பத்து பத்து அடுப்பு, சிலிண்டர் மொத்தம் பன்னெண்டுதான். முகூர்த்தம் இருக்கிற மண்டபத்துக்கு எட்டு போகும், இன்னொண்ணுல நாலுல சமாளிப்பாங்க, அடுப்பு எங்கயும் நகராது. அடுப்புதான் கோர், சிலிண்டர்தான் லைசன்ஸ். எந்த சிலிண்டர் எங்கன்னு நோட்டுல எழுதுற மேஸ்திரி மாதிரி இங்க குரூப் மேனேஜர்னு ஒரு மெஷின் கணக்கு பார்க்கும் (அது படுத்துட்டா உரிமையை மாத்துறது தலைவலிதான்). முதல்ல ஒரு சர்வர்ல கோரை அணைச்சாதான் இன்னொண்ணுல எழுப்ப முடியும்.

நிறைய பேர் இதை வெச்சு டேட்டாபேஸ் லைசன்ஸும் சேர்ந்தே நகருதுன்னு நினைக்கிறாங்க, இல்லைங்க, அது தனி ஒப்பந்தம், கோர் கூடுனா அதுக்கு தனியா பில் வரலாம்.