கேள்வி - பதில்: இந்துப்பு, கல்லுப்பு, கருப்பு உப்பு

"இந்துப்பு என்பது பொட்டாசியம் குளோரைடு, அதில் சோடியமே இல்லை, ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஏற்றது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?"
- வாசகி, கும்பகோணம்

உண்மையில்லை, நம்பினால் ஆபத்தும்கூட. இந்துப்பு பாறை உப்பு. பேர்பெற்ற இளஞ்சிவப்பு இந்துப்பு பாகிஸ்தான் பஞ்சாபின் கேவ்ரா சுரங்கத்தில் வெட்டப்படுகிறது. அதில் 96 முதல் 99 சதவீதம் சோடியம் குளோரைடுதான். மிச்சம் ஜிப்சம், களிமண், கொஞ்சம் மக்னீசியம், பொட்டாசியம். நிறத்தைத் தருவது இரும்பு ஆக்சைடு. 5 கிராம் இந்துப்பு சாப்பிட்டால் ஏறக்குறைய 2 கிராம் சோடியம் உடம்பில் சேரும். தூள் உப்பிலும் அதே கணக்குதான்.

பொட்டாசியம் குளோரைடு கலந்து விற்பது 'லோ சோடியம்' உப்பு. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றி, இதயத் துடிப்பையே தடுமாற வைக்கும். மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

இந்துப்பில் '84 தாதுக்கள்' இருப்பதாகச் சொல்லும் விளம்பரத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். உப்பில் அரை சதவீதம் மக்னீசியம் என்று தாராளமாக வைத்தாலும் 5 கிராமில் கிடைப்பது 25 மில்லிகிராம். ஒரு கைப்பிடி (30 கிராம்) நிலக்கடலையில் சுமார் 50 மில்லிகிராம் இருக்கிறது.

"உப்பளத்தில் வாங்கிய கல்லுப்பு மழைக்காலத்தில் ஜாடிக்குள் நீர்விட்டுப் போகிறது, லேசாகக் கசக்கவும் செய்கிறது. ஏன்?"
- வாசகர், நாகப்பட்டினம்

இரண்டுக்கும் காரணம் மக்னீசியம் குளோரைடு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் சுத்தமான உப்பு கசியும். மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும்.

கடல்நீர் சுமார் 3 டிகிரி போமே (உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் அலகு; வெப்பநிலை அல்ல) அடர்த்தியில் பாத்திக்கு வருகிறது. வெயிலில் சுண்டச் சுண்ட 13 டிகிரி வாக்கில் ஜிப்சம் படியத் தொடங்கும், 25 டிகிரியில் உப்பு படிகமாகும். 29 டிகிரியை எட்டுவதற்குள் மிச்சமுள்ள கசப்பு நீரை வடித்துவிட வேண்டும். அதை வடிக்காமல் உப்பு வாரினாலோ, அம்பாரத்தில் போதிய நாள் நீர் வடியவிடாமல் மூட்டை கட்டினாலோ, மக்னீசிய உப்புகள் படிகத்தில் ஒட்டிக்கொண்டே வரும்.

வீட்டில் சரிசெய்யலாம். அரை லிட்டர் தண்ணீரில் 180 கிராம் உப்பைக் கரைத்து வடிகட்டுங்கள். ஒரு கிலோ கல்லுப்பில் அதை ஊற்றி, ஒரு நிமிடம் கிளறி, முழுக்க வடித்துவிட்டு வெயிலில் காயவையுங்கள். வெறுந்தண்ணீரில் அலசக் கூடாது: லிட்டருக்குச் சுமார் 360 கிராம் உப்பு கரைந்தே போய்விடும். கரைசலில் உப்பு ஏற்கெனவே நிறைந்திருப்பதால் மக்னீசியம் மட்டும் கழன்று வரும். அயோடின் தெளித்த கல்லுப்பை இப்படிக் கழுவினால் அயோடினும் போய்விடும்.

"கருப்பு உப்பில் அழுகிய முட்டை வாடை ஏன்? கெட்டுப்போனதா?"
- வாசகி, திண்டுக்கல்

கெடவில்லை. உப்பைக் கடுக்காய் போன்றவற்றோடும் கரியோடும் சேர்த்துச் சூளையில் உருக்கும்போது, அதிலுள்ள சல்பேட்டைக் கரி சல்பைடாக மாற்றுகிறது. இரும்பு சல்பைடு கருநிறம் தருகிறது. சோடியம் சல்பைடிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடுதான் அந்த வாடை. எலுமிச்சைச் சாற்றில் போட்டால் வாடை தூக்கலாகும், கொதிக்கும் குழம்பில் போட்டால் பறந்துவிடும். அதனால் இறக்கிய பிறகு தூவுங்கள்.

"கடல் உப்பில் இயற்கையாகவே அயோடின் இருக்கிறதே, தனியாக எதற்குச் சேர்க்க வேண்டும்?"
- வாசகர், தூத்துக்குடி

ஒரு லிட்டர் கடல்நீரில் 35 கிராம் உப்புகளுக்கு அயோடின் 60 மைக்ரோகிராம் அளவே உண்டு. அத்தனையும் உப்பில் தங்கினாலும் 5 கிராமுக்கு 9 மைக்ரோகிராம்கூட வராது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்குத் தேவை 150. இந்துப்பிலும் இதே நிலைதான். அயோடின் உப்பை மூடிய ஜாடியில், அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள்; ஈரமும் சூடும் பட்டால் அயோடின் குறையும்.