பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன், 42 கி.மீ. ஓடலாமா?

கேள்வி: வயது 46. மார்பகப் புற்றுநோயில் அக்காவை இழந்தேன். புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட, ஜனவரியில் சென்னையில் முழு மாரத்தான் ஓடுவதாக நண்பர்களிடம் சொல்லிவிட்டேன். பணமும் வரத் தொடங்கிவிட்டது. இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. வாரம் மூன்று நாள், ஐந்தைந்து கிலோமீட்டர் ஓடுகிறேன். டெல்மிசார்ட்டான் 40, ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறேன். முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டுக்கொண்டு ஓடலாமா?

பதில்: அக்காவுக்காக எடுத்த முடிவு, நல்ல முடிவு. சோதனைகள் சரியாக இருந்தால் ஓடலாம். டைக்ளோஃபெனாக் மட்டும் வேண்டாம். உங்கள் கேள்வியில் எனக்குக் கவலை தருவது 42.195 கிலோமீட்டர் தூரமல்ல, இந்த மருந்துகள் ஒன்றுசேர்வதுதான்.

நெடுநேரம் ஓடும்போது ரத்தம் தசைக்கும் தோலுக்கும் திரும்பிவிட, சிறுநீரகத்துக்கு வரத்து குறைகிறது. அதைச் சமாளிக்கச் சிறுநீரகம், வடிகட்டிக்கு உள்ளே வரும் நுண்குழாயை விரித்து, வெளியேறும் குழாயை இறுக்குகிறது. டைக்ளோஃபெனாக் விரிய விடாது. டெல்மிசார்ட்டான் இறுக விடாது. தயசைடு நீரையும் உப்பையும் சிறுநீரில் வெளியேற்றும். இதோடு நான்கைந்து மணி நேர வியர்வையும் சேர்ந்தால் ஒரே காலையில் சிறுநீரகம் பழுதாகலாம். இன்னொரு வலி மாத்திரையான ஐபுப்ரொஃபேனுக்கும் இதே கதிதான்.

பயந்துபோய்த் தண்ணீரை அளவின்றிக் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் 135-க்குக் கீழே இறங்கினால் தலைவலி, வாந்தி, குழப்பம், முற்றினால் வலிப்பு. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்து ரத்தம் கொடுத்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. தயசைடு சாப்பிடுபவருக்கு இந்த அபாயம் இன்னும் கூடுதல். தாகத்துக்குக் குடித்தால் போதும். பயிற்சி நாளில் ஓடும் முன்னும் பின்னும் எடை பாருங்கள்: எடை ஏறியிருந்தால் அதிகம் குடித்திருக்கிறீர்கள் என்று பொருள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் குறிப்பிட்ட அளவு நீரில் மட்டும் கரையுங்கள். ஆனால் அதையும் அளவுமீறிக் குடித்தால் சோடியம் இறங்கும்.

பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தயசைடுக்குப் பதில் அம்லோடிபின் என்ற வேறு பிரஷர் மாத்திரை பொருந்துமா என்று உங்கள் மருத்துவரிடம் இப்போதே கேளுங்கள். மாற்றினால் பிரஷர் நிலைபெறச் சில வாரங்கள் ஆகும். கூடவே இ.சி.ஜி., டிரெட்மில் டெஸ்ட், ஹீமோகுளோபின், கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம் பார்த்துவிடுங்கள்.

முதல் எட்டு வாரத்தில் வாரக் கணக்கை 15-இலிருந்து 25, 30 கிலோமீட்டருக்கு மெல்ல உயர்த்துங்கள். பிறகு ஞாயிறு நெடு ஓட்டத்தை வாரம் இரண்டு கிலோமீட்டர் கூட்டி, ஒவ்வொரு நான்காவது வாரமும் குறைத்துக்கொள்ளுங்கள். நெடு ஓட்டம் அதிகபட்சம் 30 கிலோமீட்டர் போதும். அதையும் போட்டிக்கு மூன்று வாரம் முன்பே முடித்துவிட வேண்டும். முழங்கால் வலிக்குத் தூரத்தைக் குறைத்து, தொடை, இடுப்புத் தசைகளுக்கு வாரம் இருமுறை பயிற்சி கொடுங்கள். எலும்பில் ஒரு விரல் நுனி இடத்தில் மட்டும் அழுத்தினால் வலி என்றால் ஓட்டத்தை நிறுத்துங்கள். எலும்பு விரிசல் தொடக்கத்தில் பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியாது.

காய்ச்சலோடு ஓடவே கூடாது. இதயத் தசை அழற்சி வரலாம். நன்கொடை கொடுத்தவர்கள் முகம் நினைவுக்கு வந்து பலர் இதை மீறுவதுதான் வேதனை. 1980-இல் கனடாவில் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட, செயற்கைக் காலுடன் தினம் ஏறக்குறைய ஒரு மாரத்தான் தூரம் ஓடிய டெர்ரி ஃபாக்ஸ், புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியதால் 143-ஆம் நாள் நிறுத்தினார். அவர் நின்ற பிறகும் பணம் வந்துகொண்டே இருந்தது. தூரம் குறைந்தாலும் தொகை ஆராய்ச்சிக்கே போகும் என்று நண்பர்களுக்கு இன்றே எழுதிவிடுங்கள். அக்டோபர் முடிவில் 20 கிலோமீட்டர் சிரமமின்றி வரவில்லையென்றால் அரை மாரத்தானுக்கு மாறிக்கொள்ளுங்கள்.