பக்கக் காற்றில் கிளம்பும் சிறு விமானம்: கேள்வி பதில்

கேள்வி: சார், ஒரு வீடியோ பார்த்தேன். நான்கு பேர் உட்காரும் விமானம், பலத்த காற்றில் ஓடி எழும்புகிறது. எழும்பியதுமே மூக்கு இடப்பக்கம் திரும்பி, இடது இறக்கை சாய்ந்து, ஓடுபாதைக்கு வெளியே புல்லில் போய் விழுகிறது. காற்று தூக்கி எறிந்துவிட்டதா?

பதில்: வீடியோவை வைத்து அந்த விபத்துக்குத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வகை விபத்தில் வழக்கமாக நடப்பதைச் சொல்கிறேன். காற்றின் வேகத்தைவிட அது ஏறி இறங்குவதுதான் ஆபத்து. திடீரென ஒரு வீச்சு வந்ததும் இறக்கை மேல் பாயும் காற்று கூடி, விமானம் நேரத்துக்கு முன்பே தரையை விட்டுவிடும். தரையை ஒட்டிப் பறக்கும்போது இழுவிசை குறைவு என்பதால், அந்தக் குறைந்த வேகத்திலும் சில நொடிகள் தாக்குப்பிடிக்கும். அப்புறம் வீச்சு அடங்கும், வேகமானியில் பத்து நாட் (மணிக்குச் சுமார் 18 கி.மீ.) காணாமல் போகும். விமானம் அமுங்குவதைப் பார்த்த விமானி பதறி யோக்கை (விமானத்தை இயக்கும் கைப்பிடியை) மூக்கு தூக்கப் பின்னுக்கு இழுப்பார். இறக்கை ஸ்டால் ஆகிவிடும், அதாவது தூக்கும் விசையை இழந்துவிடும்.

ஏன் இடப்பக்கம்? பெரும்பாலான சிறு விமானங்களில் புரொப்பெல்லர், விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுற்றும். முழு சக்தி, குறைந்த வேகம், தூக்கிய மூக்கு மூன்றும் சேர்ந்தால் மூக்கு இடப்பக்கம் இழுக்கும். வலது ரட்டர் (மூக்கை இட வலமாகத் திருப்ப, காலால் இயக்கும் வால் சுக்கான்) போதவில்லை என்றால் இடது இறக்கைதான் முதலில் விழும். காற்றும் இடமிருந்து வீசினால், ஓடும்போதே அதுவும் மூக்கை அந்தப் பக்கம் திருப்பும்.

கேள்வி: காற்று 20 நாட் என்றால் செஸ்னா 172 என்ற நான்கு பேர் விமானத்தில் கிளம்பலாமா?

பதில்: எந்தத் திசையிலிருந்து? ஓடுபாதைக்கு 30 டிகிரி கோணத்தில் வந்தால் பக்கக் காற்று பாதிதான், 10 நாட். 60 டிகிரியில் 17-க்கு மேல். செங்குத்தாக வந்தால் முழு 20. அதில் ஒரு வகையான 172எஸ்-இன் கையேட்டில் இருக்கும் 15 நாட் பக்கக் காற்று, சோதனைப் பறப்பில் செய்து காட்டிய அளவு. சட்டம் போட்ட எல்லை அல்ல. இதைச் சொன்னதும் சில மாணவர்கள் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரியும். வேண்டாம். செய்து காட்டியவர் சோதனை விமானி! "15, வீச்சு 25" என்று அறிக்கை வந்தால் 25-ஐ வைத்துக் கணக்குப் போடுங்கள்.

கேள்வி: ஓட ஆரம்பித்ததும் கையும் காலும் என்ன செய்ய வேண்டும்?

பதில்: ஏலரானை (விமானத்தின் சாய்வைக் கட்டுப்படுத்தும் இறக்கை மடலை) முழுவதும் காற்று வரும் பக்கம் திருப்பி ஆரம்பியுங்கள். வேகம் கூடக் கூடக் கொஞ்சமாகக் குறையுங்கள். ஓடத் தொடங்கியதும் கையை நடுவுக்குக் கொண்டுவந்துவிடும் பழக்கத்தைத்தான் அதிகம் பார்க்கிறேன். நேராகப் போவதற்கு ரட்டர். வழக்கத்தைவிடச் சில நாட் கூடுதலாக வரும்வரை தரையிலேயே வைத்திருந்து, பிறகு ஒரே மூச்சில் எழுப்புங்கள். அரைகுறையாக எழும்பிப் பக்கவாட்டில் நகர்ந்தபடி மறுபடி தரையைத் தொட்டால், சக்கரக் கால்கள் அந்தச் சுமைக்குச் செய்யப்பட்டவை அல்ல.

கேள்வி: கிளம்பும் முயற்சியை எப்போது கைவிடுவது?

பதில்: பாதி ஓடுபாதை தாண்டும்போது, எழும்பும் வேகத்தில் 70 சதவீதம் வரவில்லை என்றால் த்ராட்டிலை (எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடியை) மூடுங்கள். நேராக வைத்திருக்க முடியவில்லை என்றால் பாதி வரை காத்திருக்கவும் வேண்டாம்.

கேள்வி: வால் சக்கர விமானம் இன்னும் மோசமா?

பதில்: ஆமாம். எடை மையம் முன் சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், ஒருமுறை திரும்ப ஆரம்பித்தால் தானாகவே மேலும் திரும்பும்.

கேள்வி: விமான நிலையக் கட்டுப்பாட்டு டவரில் கிளம்ப அனுமதி கொடுத்தால் காற்று சரியாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

பதில்: இல்லை. ஓடுபாதை உங்களுக்குக் காலியாக இருக்கிறது, அவ்வளவுதான். காற்றை ஏற்பதா வேண்டாமா என்பது விமானியின் முடிவு. அவர்கள் சொல்லும் காற்று பொதுவாகக் கடைசி 2 நிமிடங்களின் சராசரி. ஹேங்கருக்கோ (விமானக் கொட்டகை) மரவரிசைக்கோ பின்னால் சுழல்வது அதில் தெரியாது. கிளம்பும் முன் காற்றுப்பையை (கம்பத்தில் கட்டி, காற்றின் போக்கைக் காட்டும் துணிக்குழாயை) ஒருமுறை பாருங்கள். அது துவண்டு துவண்டு நிமிர்ந்தால் வீச்சு இருக்கிறது.

கேள்வி: நான் பயணி மட்டும்தான். "கொஞ்சம் பொறுத்துப் போகலாமே" என்று சொன்னால் விமானி தப்பாக நினைப்பாரா?

பதில்: நல்ல விமானி நினைக்க மாட்டார், தாராளமாகச் சொல்லுங்கள். வெயிலில் தரை சூடாகிக் கிளம்பும் வீச்சாக இருந்தால், சாயங்காலம் பெரும்பாலும் அடங்கிவிடும். புயல் மேகம் நெருங்குவதால் வருகிற காற்று என்றால் அன்றைக்குப் பயணமே வேண்டாம்.