இவருக்குப் பதில் இவர்

அன்புள்ள ஐயா,

தொலைக்காட்சித் தொடர்களையும் கதைசொல்லலின் ஒரு வடிவமாக எடுத்துக்கொண்டு பேசுபவர் நீங்கள் என்பதால் இதை எழுதுகிறேன். என் அம்மாவும் மாமியாரும் எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாதவர்கள். அவர்கள் இருவரும் சேர்ந்து அமர்ந்து பார்த்த ஒரே தொடர் 'எதிர்நீச்சல்'. அதில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து மறைந்த பிறகு சில வாரங்கள் பார்த்தார்கள், அந்த வேடத்தில் வேல ராமமூர்த்தி வந்தபின் ஒருவர் பின் ஒருவராக நிறுத்திவிட்டார்கள். எனக்கு இதில் மூன்று கேள்விகள். ஒரு நடிகர் இறந்த சில வாரங்களுக்குள் அவருடைய இடத்தில் இன்னொருவரை நிறுத்துவது மறைந்தவருக்குச் செய்யும் அவமரியாதை அல்லவா? குணசேகரன் இறந்துவிட்டதாகக் காட்டி, அந்த வீட்டுப் பெண்களை வைத்தே கதையைத் தொடர்ந்திருக்க முடியாதா? அதுவும் முடியாதென்றால் அந்த இடத்திலேயே தொடரை முடித்திருக்கலாமே, விளம்பர வருமானத்துக்காக இழுத்தார்கள் என்பதைத் தவிர வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

அன்புடன்,
ச., மதுரை

*

அன்புள்ள ச. அவர்களுக்கு,

உங்கள் இரண்டாவது கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டுக்கும் பதில் அதற்குள்தான் இருக்கிறது. குணசேகரனைக் கதையில் சாகடித்திருக்கக் கூடாது என்பதே என் எண்ணம், ஆகவே வேறொருவரை அந்த வேடத்தில் நிறுத்திய முடிவை நான் குறை சொல்லமாட்டேன். குறை வேறிடத்தில் இருக்கிறது.

தொடரைப் பார்க்காத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022 பிப்ரவரியில் சன் தொலைக்காட்சியில், திருச்செல்வத்தின் இயக்கத்தில் இத்தொடர் தொடங்கியது. மதுரையில் ஒரு வசதியான வீடு, நான்கு அண்ணன் தம்பிகள், படித்துவிட்டுத் திருமணமாகி வந்து அந்த வீட்டின் அடுக்களைக்குள் அடைபட்டுப்போன நான்கு மருமகள்கள். மூத்தவரான ஆதி குணசேகரன் வைத்ததே அங்கே சட்டம். அந்த வேடத்தில் நடித்த மாரிமுத்து, 2023 செப்டம்பர் 8 அன்று காலை, இதே தொடருக்குப் பின்னணிக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி ஏற்பட்டு இறந்தார். குணசேகரன் ஒரு கடிதத்தை எழுதி வைத்துவிட்டு வீட்டைவிட்டுப் போய்விட்டார் என்று கதையைத் திருப்பினார்கள். சில வாரங்களுக்குப் பின் வேல ராமமூர்த்தி அந்த வேடத்தில் வந்தார். 2024 ஜூனில் தொடர் நிறைவடைந்து, அவ்வாண்டின் டிசம்பரில் 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்ற பெயரில் இரண்டாம் பாகம் தொடங்கியது.

இந்தக் கதையில் குணசேகரன் வில்லன் என்று பொதுவாகச் சொல்லப்படுவதுண்டு, ஆனால் அமைப்பின்படி பார்த்தால் அவர்தான் மையம். பெரும்பாலான அத்தியாயங்களில் அவர் கூடத்தில் உட்கார்ந்து ஒன்றைச் சொல்வார், அடுக்களையில் ஈஸ்வரியும் ரேணுகாவும் நந்தினியும் ஜனனியும் தங்களுக்குள் அதற்குப் பதில் பேசிக்கொள்வார்கள். அந்தப் பதில் என்றைக்குக் கூடத்துக்கு வரும் என்ற எதிர்பார்ப்பில்தான் இலட்சக்கணக்கானவர்கள் இரவுதோறும் காத்திருந்தார்கள். அப்பத்தா பட்டம்மாளின் பெயரில் குடும்பச் சொத்தில் இருந்த நாற்பது சதவீதப் பங்கைச் சுற்றி மாதக்கணக்கில் கதை ஓடியதும், குணசேகரனின் பிடி தளருமா என்ற ஒரே கேள்வியை நம்பித்தான். எதிர்த்து நீந்துவதற்கு ஆறு ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

அமெரிக்காவின் 'டல்லாஸ்' தொடருக்கு இதே நிலைமை வந்திருக்கிறது, அதுவும் இரண்டு முறை. டெக்சாஸ் மாநிலத்தின் எண்ணெய்ப் பணக்காரக் குடும்பத்தைப் பற்றிய தொடர் அது. குடும்பத் தலைவர் ஜாக் யூவிங்காக நடித்த ஜிம் டேவிஸ் 1981-இல் இறந்தபோது, அவர்களும் முதலில் அந்தப் பாத்திரம் தொழில் விஷயமாகத் தென் அமெரிக்கா சென்றிருப்பதாகக் காட்டிக் காலம் கடத்தினார்கள், பிறகு ஹெலிகாப்டர் விபத்தில் இறந்துவிட்டதாக முடித்தார்கள். அவருடைய படம் வீட்டுச் சுவரில் மாட்டப்பட்டது, அவர் விட்டுச்சென்ற உயிலை வைத்து மகன்கள் மோதிக்கொண்டார்கள், கதை இன்னும் சூடுபிடித்தது. ஏன் முடிந்தது என்றால், ஜாக் அந்த வீட்டின் அதிகாரம் மட்டும்தான். சூழ்ச்சியும் நாக்கும் மூத்த மகன் ஜே.ஆரிடம் இருந்தன. அந்த ஜே.ஆராக நடித்த லாரி ஹாக்மன், பழைய தொடர் முடிந்து பல ஆண்டுகள் கழித்து 2012-இல் அதன் புதிய வடிவம் தொடங்கியபோதும் அதே வேடத்தில் நடித்தார், அவ்வாண்டு நவம்பரில் இறந்தார். அவருக்கு யாரும் மாற்றாக வரவில்லை. கதையிலேயே அவருக்கு இறுதிச் சடங்கு நடத்தினார்கள், அவர் விட்டுச்சென்ற கடைசித் திட்டம் என்ற ஒன்றை வைத்துக் கொஞ்ச காலம் ஓட்டினார்கள், 2014-இல் தொடர் நின்றுபோனது. 'எதிர்நீச்ச'லின் சிக்கல் என்னவென்றால், குணசேகரன் ஜாக்கும் ஜே.ஆரும் சேர்ந்த ஒரே ஆள். வீட்டின் அதிகாரமும் அவர்தான், வாயும் அவர்தான்.

சாகடித்திருக்கக் கூடாது என்பதற்கு இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. செப்டம்பர் மாதத்தில் தமிழ்நாடு மாரிமுத்துவுக்காக உண்மையாகவே துக்கப்பட்டது. அந்த நேரத்தில் குணசேகரனின் படத்துக்கு மாலை போட்டுக் கூடத்தில் வைத்திருந்தால், நடிகருக்கு உரிய துக்கம் முழுவதும் பாத்திரத்தின் மேல் இறங்கியிருக்கும். மனைவியைப் பல ஆண்டுகள் சொல்லால் நசுக்கிய ஒரு மனிதர் ஒரே இரவில் வீட்டின் தெய்வமாகியிருப்பார். ஈஸ்வரியின் நிலையை எண்ணிப்பாருங்கள். அவருக்கு அந்த வீட்டில் கிடைக்க வேண்டிய விடுதலை, அவர் கேட்டு, சண்டையிட்டுப் பெற வேண்டிய ஒன்று. அது கணவனின் சாவால் வந்து சேர்ந்தால், அதன் பெயர் கைம்மை. அதுவரை சொல்லப்பட்ட கதை அத்தனையும் அந்த ஓர் அத்தியாயத்தில் பொருளற்றதாகியிருக்கும். நீங்கள் பெண்களை வைத்தே கதையைத் தொடரலாமே என்று கேட்பது நல்ல எண்ணத்தில்தான், ஆனால் பெண்களின் கதைக்குத்தான் அது பெரிய இழப்பாகியிருக்கும்.

இனி மரியாதை பற்றிய கேள்வி. ஒருவர் ஏற்ற வேடத்தை இன்னொருவர் ஏற்பது நம் நாடக மரபில் அவமரியாதையாகக் கருதப்பட்டதே இல்லை. நீங்கள் மதுரைக்காரர், ஸ்பெஷல் நாடகம் உங்களுக்குப் புதிதாக இருக்காது. ஒரு திருவிழாவுக்கு நாயக வேடமேற்கும் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் நாயகி வேடமேற்கும் ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்தும் வருவார்கள், ஒத்திகை என்று ஒன்று இருக்காது, பல சமயம் மேடையில்தான் அன்றைக்கு முதன்முறையாகச் சந்திப்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த 'வள்ளி திருமண'த்தில் போன ஆண்டு முருகனாக வந்தவர் இந்த ஆண்டு வரவில்லை என்பதற்காக யாரும் பந்தலைவிட்டு எழுந்து போவதில்லை, மேடையில் நடக்கும் வாதமான தர்க்கத்தில் இவர் எப்படி என்று பார்க்கத்தான் உட்கார்வார்கள். தொடர்களில் 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று திரையின் அடியில் ஓர் எழுத்து வரி வந்ததும் வீட்டிலுள்ளவர்கள் பெரிதாகத் திடுக்கிடாமல் ஏற்றுக்கொள்வதற்கும் இந்தப் பழக்கம் ஒரு காரணமாக இருக்கலாம். (அந்த வரியைக் கேலி செய்பவர்கள் உண்டு. எனக்கு அது நேர்மையான ஏற்பாடாகவே படுகிறது. விபத்தில் முகம் சிதைந்து அறுவை சிகிச்சைக்குப் பின் புதுமுகத்துடன் வருவதாகக் காட்டுவதைவிட எவ்வளவோ மேல்.)

ஆனால் ஸ்பெஷல் நாடகத்தில் வரும் புது ராஜபார்ட், போனவரின் பாணியைச் செய்வதில்லை. தன் குரலுக்கு ஏற்ற பாட்டை எடுத்துக்கொள்கிறார், தன் பேச்சுத் திறனுக்கு ஏற்பத் தர்க்கத்தை நீட்டுகிறார் அல்லது குறைக்கிறார். வேடம் அதேதான், ஆட்டம் அவருடையது. 'எதிர்நீச்சல்' தவறியது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

மாரிமுத்து தேனி மாவட்டத்துக்காரர். ராஜ்கிரண் முதலிய பலரிடம் உதவி இயக்குநராக இருந்து, 2008-லும் 2014-லும் இரண்டு படங்களை இயக்கிவிட்டு, பிறகு நடிகரானவர். அந்த இயக்குநர் மூளை அவருடைய நடிப்பில் தெரியும். எந்த இடத்தில் வாக்கியத்தை உடைத்தால் எதிரில் நிற்பவர் சுருங்கிப்போவார் என்று கணக்குப் போட்டுப் பேசுபவர் அவர். 'இந்தாம்மா ஏய்' என்ற இரண்டு சொற்கள் ஊரெல்லாம் பரவியதற்கு அவற்றில் இருந்த அச்சுறுத்தல் மட்டும் காரணமல்ல, அச்சுறுத்தலோடு ஒட்டிக்கொண்டிருந்த எகத்தாளம்தான் காரணம். பேசும்போது அவர் எழுந்து நிற்க வேண்டியதுகூட இல்லை. நாற்காலியில் சாய்ந்தபடி, பாதிச் சிரிப்போடு, எதிராளியின் படிப்பையும் பிறந்த வீட்டையும் ஒரே மூச்சில் கேலி செய்துவிடுவார். நம் குடும்பங்களில் பெண்கள் அன்றாடம் எதிர்கொள்ளும் அதிகாரம் பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் இருக்கிறது, கை ஓங்குவதற்கு முந்தைய வடிவத்தில். உங்கள் அம்மாவும் மாமியாரும் அந்த மனிதரைத் தங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவராக அடையாளம் கண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பேரும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

வேல ராமமூர்த்தியும் தென்மாவட்டத்துக்காரர்தான், இராமநாதபுரம் மாவட்டத்துப் பெருநாழி. நடிகராவதற்கு வெகுகாலம் முன்பே எழுத்தாளராக அறியப்பட்டவர். ஆனால் அவருடைய நடிப்பின் ஆற்றல் வேறு திசையில் இருக்கிறது. அவருக்குப் பேச்சே தேவையில்லை. மீசையும் பார்வையும் நிற்கும் நிலையும் போதும். அவர் ஓர் அறைக்குள் வந்தாலே அங்கே ஏதோ நடக்கப்போகிறது என்று தோன்றும். இப்படிப்பட்ட ஒருவரிடம் எகத்தாளமாகப் பேசும் குணசேகரனின் வசனங்களைக் கொடுத்தால், கேலி உதிர்ந்துபோய்க் கோபம் மட்டும் மிஞ்சும். அப்படித்தான் ஆனது. கூடத்தில் சத்தம் கூடியது, அடுக்களையில் பெண்களின் பேச்சு அதே அளவுக்கு மெலிந்தது. ஒரு நக்கலுக்குப் பெண்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு நக்கலால் பதில் சொல்ல முடியும், பார்வையாளர் சிரிக்கவும் முடியும். வெறும் அதட்டலுக்கு அழுகையையும் ஆவேசத்தையும் தவிரப் பதில் கிடையாது. அந்த இரண்டும் மற்ற எல்லாத் தொடர்களிலும் ஏற்கெனவே தாராளமாகக் கிடைக்கின்றன.

குணசேகரன் வீட்டைவிட்டுப் போய்த் திரும்பி வருவதாகக் கதை அமைத்தார்கள் அல்லவா, அது கைக்கு வந்த வாய்ப்பு. போனவர் மாறித் திரும்பினார் என்று எழுதியிருக்கலாம். வாய் ஓயாத மனிதர் பேசாமல் இருக்கத் தொடங்கினால், அந்த வீட்டில் எல்லோருக்கும் முன்பைவிடப் பயம் அதிகமாகியிருக்கும், இன்றைக்கு அவர் என்ன நினைக்கிறார் என்று அடுக்களையில் ஊகித்துப் பேசவே ஆயிரம் இருந்திருக்கும். வேல ராமமூர்த்தியால் அதை அநாயாசமாகச் செய்திருக்க முடியும். வாரத்துக்கு ஆறு நாள் ஒளிபரப்பாகும் தொடரில், இன்று எழுதுவதை நாளை படமாக்கும் நெருக்கடியில், இதையெல்லாம் யோசிக்க யாருக்கு நேரம் என்று நீங்கள் கேட்டால், நியாயம்தான்.

அதிலிருந்தே உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். வருமானம் ஒரு காரணம், சந்தேகமில்லை. ஆனால் ஒரு தினசரித் தொடரை நிறுத்துவது ஒரு முதலாளியின் இலாபத்தை மட்டும் நிறுத்துவதாகாது. ஒப்பனை, ஒளி, சமையல், வண்டி என்று தினக்கூலியும் மாதச் சம்பளமும் வாங்கும் பலருடைய வேலை அதில் இருக்கிறது. தவிர, மற்ற நடிகர்கள் ஒன்றரை ஆண்டு வளர்த்தெடுத்த பாத்திரங்களுக்கும் ஒரு முடிவு வேண்டும். நந்தினியும் ரேணுகாவும் என்ன ஆனார்கள் என்று தெரியாமல் ஒரு வெள்ளிக்கிழமையோடு கதையை மூடிவிட்டிருந்தால், அதையும் உங்கள் வீட்டில் யாரும் மன்னித்திருக்க மாட்டார்கள்.

தலைமைப் பாத்திரம் போனபின் கதை எப்படியும் சரியும் என்பதும் விதியல்ல. 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' தொடரில் முல்லையாக நடித்த சித்ரா 2020 டிசம்பரில் மறைந்தார். அந்த இழப்பு இரசிகர்களுக்குச் சிறியதாக இருக்கவில்லை. அவருக்குப் பின் காவ்யாவும் அதன் பின் லாவண்யாவும் முல்லையாக வந்தார்கள், தொடர் 2023 வரை நடந்தது. அங்கே கதையின் பாரம் அண்ணன் தம்பிகள், மளிகைக் கடை, அண்ணி என்று பலர் தோளில் பரவியிருந்தது. இதற்கு நேரெதிர் உதாரணம் 'சித்தி'யின் இரண்டாம் பாகம். 2020 ஜனவரியில் தொடங்கிய அத்தொடரிலிருந்து ராதிகா 2021 தொடக்கத்தில் அரசியல் பணிகளுக்காக விலகினார். அவருக்குப் பதில் இன்னொருவரை நிறுத்தவில்லை, இளையவர்களான வெண்பாவையும் கவினையும் முன்னால் கொண்டுவந்து 2022 வரை நடத்தினார்கள். ஓடியது உண்மை. ஆனால் பெயர்ப்பலகையில் இருந்த உறவு கதைக்குள் இல்லை, ஏறக்குறைய எந்தத் தொடருக்கும் பொருந்தக்கூடிய ஒரு காதல் கதைதான் எஞ்சியது. எதை இழந்தும் தொடரலாம் என்று தயாரிப்பாளர்கள் முடிவுசெய்யும்போது கிடைப்பது பெரும்பாலும் அதுதான்.

'எதிர்நீச்ச'லின் இரண்டாம் பாகத்தில் ஜனனியாக நடிப்பவரும் மாறிவிட்டார், மதுமிதாவுக்குப் பதில் பார்வதி வந்திருக்கிறார். இதைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. முதன்மை நாயகியே மாறியும், குணசேகரன் மாறியபோது எழுந்த அளவுக்குப் பேச்சு எழவில்லை. ஜனனியின் பேச்சு நான்கு பேரும் சேர்ந்து பேசும் பேச்சின் ஒரு பகுதி, மற்ற மூவர் அதைத் தாங்கிக்கொண்டார்கள். குணசேகரன் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார்.